ஸ்டோரேஜ் பெஞ்ச்மார்க்கும் ரேண்டம் எண்ணும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள் கடைசி வருட ப்ராஜெக்டுக்குச் சொந்தமாக ஒரு ஸ்டோரேஜ் பெஞ்ச்மார்க் (டிஸ்க்கின் வேகத்தை அளக்கும் ப்ரோக்ராம்) எழுதிக்கொண்டு வந்தால், நான் முதலில் திறந்து பார்ப்பது எழுதவேண்டிய தரவை உண்டாக்கும் ஃபங்ஷனைத்தான். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வெறும் பூஜ்யத்தை எழுதினால், கம்ப்ரஷன் போட்ட இசட்எஃப்எஸ் (ZFS) ஃபைல் சிஸ்டம் அதை ஒன்றுமில்லாமல் சுருக்கிவிடும்; டிஸ்க்குக்கு வேலையே கிடையாது. சரி என்று ஒரே ஒரு 4 கேபி பஃபரை (எழுதவேண்டிய தரவு இருக்கும் மெமரித் துண்டை) ரேண்டமாக நிரப்பி, அதையே திரும்பத் திரும்ப எழுதுவார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு கல்லைப் பார்த்தாலே வளவு முழுக்கத் தெரிந்துவிடும் இல்லையா, அதே கதைதான். டூப்ளிகேட் நீக்கும் ஸ்டோரேஜ் முதல் பிளாக்கை வைத்துக்கொண்டு, மற்றதற்கெல்லாம் ஒரு குறிப்போடு நிறுத்திக்கொள்ளும். எஃப்ஐஓ (fio) என்ற பெஞ்ச்மார்க் கருவியில் ரீஃபில்_பஃபர்ஸ் (refill_buffers) என்ற ஆப்ஷன் இருப்பது இதற்காகத்தான்: ஒவ்வொரு முறை எழுதும்போதும் பஃபரைப் புதிதாக நிரப்பும்.

அப்படி நிரப்பப் போனால், ரேண்டம் எண் உண்டாக்கும் வேகம் இடிக்கும். பிசிஐஇ 4.0 என்விஎம்இ டிஸ்க் நொடிக்கு 7 ஜிபி வரை வாங்கிக்கொள்ளும். லினக்ஸ் தரும் ரேண்டம் எண் ஊற்றான யூராண்டம் (/dev/urandom) பாதுகாப்புக்காக சாசா20 என்ற மறையாக்கக் கணக்குப் போடுகிறது, அது ஈடுகொடுக்காது. சி மொழியின் ராண்ட் (rand) ஃபங்ஷன் இன்னும் மோசம். லினக்ஸின் சி லைப்ரரியான கிளிப்சியில் (glibc) ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு லாக், ஒரே நேரத்தில் ஓடவேண்டிய திரெட்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். விண்டோஸில் அது தரும் பெரிய எண்ணே 32,767தான். அதை பிளாக் எண்ணாக எடுத்தால் 32,768 இடங்கள், 4 கேபி வீதம் மொத்தம் 128 எம்பி. 1 டிபி டிஸ்க்கில் அந்த மூலைக்குள்ளேயே சுற்றிவிட்டு, கேஷ் கொடுத்த வேகத்தை டிஸ்க்கின் வேகம் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிடுவார்கள்.

வேகமான ரேண்டம் எண் முறைகள் உண்டு: மார்சாக்லியா 2003-இல் தந்த எக்ஸார்ஷிஃப்ட் (xorshift), அதன் வழிவந்த எக்ஸோஷிரோ256 (xoshiro256). இவை பிட்களை நகர்த்தும் ஷிஃப்ட், ஒப்பிட்டுக் கலக்கும் எக்ஸார் (XOR) போன்ற சில எளிய கணக்குகளில் முடிந்துவிடும். ஒரு அழைப்புக்கு 8 பைட் கிடைக்கும். அதில் ஒரு பைட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் தூக்கி எறியாதீர்கள். சீட் (கணக்கைத் தொடங்கிவைக்கும் எண்) பூஜ்யமானால் எக்ஸார்ஷிஃப்ட் கடைசிவரை பூஜ்யமே தரும். ஸ்ப்ளிட்மிக்ஸ்64 (splitmix64) என்ற இன்னொரு சிறிய ரேண்டம் எண் முறை வழியாகச் சீட் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஒரே நொடியில் கிளம்பும் எட்டு திரெட்டுக்கும் கடிகாரத்தையே சீட்டாகக் கொடுத்தால் எட்டும் ஒரே தரவை ஒரே இடத்தில் எழுதும். எண் வரிசையில் வெகுதூரம் தாவவைக்கும் எக்ஸோஷிரோவின் ஜம்ப் ஃபங்ஷனைக் கொண்டு அவற்றைப் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு திரெட்டின் நிலையும் தனித்தனி 64 பைட் கேஷ் லைனில் (ப்ராசஸர் மெமரியை ஒரே தடவையில் எடுக்கும் துண்டில்) இருக்கட்டும்; இல்லாவிட்டால் திரெட்கள் ஒன்றையொன்று தாமதப்படுத்தும்.

ரேண்டம் எண்ணை பிளாக் எண்ணாக்க மாடுலோ (வகுத்து வரும் மீதி) எடுத்தால் சில எண்கள் சற்றே அதிகம் வரும்; அந்தச் சாய்வுக்கு 64 பிட் எண்ணில் கவலைப்பட வேண்டாம்.

முடித்ததும், எழுதும் வரியை மட்டும் நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது வரும் வேகம் டிஸ்க் வேகத்தைவிடப் பலமடங்கு இருக்கவேண்டும். எழுதிய ஃபைலை இசட்எஸ்டிடி (zstd) என்ற சுருக்கும் கருவியில் சுருக்கியும் பாருங்கள். சுருங்கினால் தவறு நிச்சயம். சுருங்காததால் மட்டும் எல்லாம் சரி என்று ஆகாது. வெகுதூரம் தள்ளி இன்னொரு திரெட் எழுதிய அதே தரவு இசட்எஸ்டிடியின் கண்ணில் படாது. பிளாக் வாரியாக ஹாஷ் (தரவின் சுருக்க அடையாள எண்) எடுத்து ஒப்பிட்டால்தான் அது பிடிபடும்.