நீட்டில் நல்ல மார்க் வந்தும் சீட்டைத் தவறவிடுவது எப்படி நடக்கிறது?

நீட் ரிசல்ட் வந்த அன்றே "பையன் பாஸ் ஆயிட்டான்" என்று இனிப்பு கொடுக்கும் வீடுகள் நிறைய. சந்தோஷப்படுங்கள், தப்பில்லை. ஆனால் தகுதி பெறுவது வேறு, சீட் கிடைப்பது வேறு. பொதுப் பிரிவினருக்குத் தகுதி வரம்பு 50-ஆவது பெர்சென்டைல். ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 40. இது நூற்றுக்கு இத்தனை மார்க் என்ற கணக்கு அல்ல, எழுதியவர்களில் எத்தனை பேரைவிட மேலே இருக்கிறீர்கள் என்ற கணக்கு. 2025-இல் இப்படித் தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். நாடு முழுவதும் உள்ள எம்பிபிஎஸ் இடங்களோ ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் ஏறக்குறைய பாதிதான் அரசுக் கல்லூரிகளில்.

"போன வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இந்த மார்க்குக்கே கிடைத்தது" என்று கணக்குப் போடுவது அடுத்த தவறு. 2024-இல் திருத்திய முடிவில் 17 பேர் 720-க்கு 720 எடுத்திருந்தார்கள். 2025-இல் இயற்பியல் வாட்டி எடுத்துவிட்டது. நாட்டிலேயே முதலிடம் பிடித்தவருக்கே 686 தான். ஆக, ஒப்பிட வேண்டியது ரேங்கை. தமிழ்நாட்டு இடங்களுக்கு அகில இந்திய ரேங்க்கூட முழுதாக உதவாது. மாநிலத் தரவரிசைப் பட்டியலில் உங்கள் ரேங்கையும் சமுதாயவாரி ரேங்கையும் எடுத்துவைத்துக்கொண்டு, முந்தைய ஆண்டு எந்தக் கல்லூரியில் எந்த ரேங்க் வரை இடம் போனது என்று பாருங்கள்.

தேர்வு அறைத் தவறுகள் பெரும்பாலும் தெரிந்தவைதான். 180 கேள்விக்கு 180 நிமிடம், தப்பான விடைக்கு ஒரு மார்க் போகும், ஓஎம்ஆர் தாளில் கறுத்த வட்டத்தை மாற்ற முடியாது. தமிழில் எழுதும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வினாத்தாளில் தமிழும் இருக்கும், ஆங்கிலமும் இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. சந்தேகம் வரும் கேள்வியில் ஆங்கில வரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மனம் நோகவைக்கும் இழப்புகள் தேர்வுக்கு வெளியேதான் நடக்கின்றன. சாதிச் சான்றிதழையே எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் பிசி, எம்பிசி என்று வட்டாட்சியர் கொடுத்த சான்றிதழ் மாநிலக் கலந்தாய்வுக்குப் போதும். அகில இந்திய ஒதுக்கீட்டில், அதாவது மாநில அரசுக் கல்லூரிகளில் நாடு முழுவதற்கும் பொதுவான இடங்களில், 27 சதவீத ஓபிசி இடம் கேட்டால் அது செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்டு வாங்கிய ஓபிசி சான்றிதழ் தனியாக வேண்டும். அதையும் தகவல் கையேடு கேட்கும் காலத்துக்குள் வாங்கியிருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால், விண்ணப்பத்தில் ஓபிசி என்று குறிக்கும் முன்பே அதைச் சரிபாருங்கள். சீட் ஒதுக்கிய பிறகு சான்றிதழுக்காக இ-சேவை மையத்துக்கு ஓடினால், சேர்வதற்கான கடைசித் தேதி அதற்குள் போய்விடும்.

பெயரிலும் இதே தொல்லைதான். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், நீட் விண்ணப்பத்தில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் கேள்வி வரும். விண்ணப்பிக்கும் முன்பே எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஒத்துப்போகும்படி மாற்றிவிடுங்கள். விண்ணப்பத்தில் ஏற்றிய அதே போட்டோவில் கூடுதலாகச் சில பிரதிகள் போட்டு வையுங்கள், சேரும்போது கேட்பார்கள்.

நீட்டுக்கு விண்ணப்பித்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக் கலந்தாய்வுப் பதிவைத் தவறவிடுபவர்களும் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். மாநில அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்கள், எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுக்கு எம்சிசி எனப்படும் மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் இணையதளத்தில் பதிய வேண்டும். மீதி 85 சதவீதத்துக்கும் தமிழ்நாட்டின் தனியார் கல்லூரி இடங்களுக்கும் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கும், மாணவர் சேர்க்கையை நடத்தும் மாநிலத் தேர்வுக் குழுவிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கேயும் அரசு ஒதுக்கீட்டுக்கு ஒரு விண்ணப்பம், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இன்னொன்று.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வரும் பிள்ளைகள் தனியார் கல்லூரிகளைப் பட்டியலில் போடவே பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டாம். அந்த ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் இதில் வருவார்கள். இது தெரியாமலேயே பலர் பொதுப் பட்டியலில் நின்றுவிடுகிறார்கள்.

இனி, கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங். என் பார்வையில் எல்லாத் தவறுகளிலும் பெரியது இங்கேதான் நடக்கிறது. "நம்ம ரேங்குக்கு அது எங்கே கிடைக்கப்போகிறது" என்று நல்ல கல்லூரிகளை விட்டுவிட்டு, கிடைக்கும் என்று தோன்றுவதை முதலில் போடுகிறார்கள். கணினி செய்வது இதுதான்: ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து கீழாகப் பார்க்கும். இடம் இருக்கும் முதல் கல்லூரியைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், மதுரை, சேலம் என்பது உங்கள் ஆசை வரிசை என்றால் அப்படியே போடுங்கள். ஸ்டான்லி கிடைக்காவிட்டால் ஒரு நஷ்டமும் இல்லை, அடுத்ததைப் பார்க்கும். பயந்துபோய் சேலத்தை முதலில் போட்டால், உங்கள் ரேங்குக்கு மதுரையில் இடம் இருந்தாலும் சேலம்தான் வரும்.

இரண்டாம் சுற்றில் இதற்கு நேர்மாறான ஆபத்து. முதல் சுற்றில் சேலம் கிடைத்துச் சேர்ந்துவிட்டீர்கள், மேம்பாடும் (இன்னும் நல்ல கல்லூரி கிடைத்தால் மாறுவதற்கு) கேட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பட்டியலில் சேலத்தைவிட மேலானது என்று நீங்கள் நினைக்கும் கல்லூரிகள் மட்டுமே இருக்க வேண்டும். "சும்மா இருக்கட்டும்" என்று போட்ட ஒரு கல்லூரி ஒதுக்கீடானால், சேலம் சீட் அப்போதே வேறொருவருக்குப் போய்விடும். பழையதே போதும் என்று திரும்ப முடியாது. எம்சிசியில் ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டியலைப் புதிதாகத்தான் போட வேண்டும், பழையது தானாக வராது.

சுற்றுகள் போகப்போக விதிகளும் இறுகும். எம்சிசியில் முதல் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விலகலாம். இரண்டாம் சுற்றில் அப்படி விலகினால் பதியும்போது கட்டிய முன்பணம் போய்விடும், நிகர்நிலைக்கு அது இரண்டு லட்சம் ரூபாய். மிச்ச இடங்களுக்காக நடக்கும் கடைசியான ஸ்ட்ரே சுற்றில் ஒதுக்கீடு பெற்றுச் சேராவிட்டால் முன்பணத்தோடு அடுத்த ஓராண்டு நீட் எழுதும் வாய்ப்பும் போகும். கட்டவே முடியாத கட்டணம் உள்ள கல்லூரியைக் கடைசி நேரத்தில் "கிடைத்தால் பார்க்கலாம்" என்று போடாதீர்கள்.

கலந்தாய்வுக்கு வெளியே சீட் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் பேசவே வேண்டாம். தனியார், நிகர்நிலை எதுவானாலும் ஒதுக்கீடு கலந்தாய்வு வழியாகத்தான். வெளிநாடு போவதானாலும் நீட் தகுதி வேண்டும். அங்கே படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியோடு இருக்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகள் சொல்கின்றன. ஏஜென்ட் காட்டும் வண்ணப் புத்தகத்தில் இவை மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு பணம் கட்டுங்கள்.