கல்லட்டியில் இறங்கத் தெரிந்தவன் ஃப்ளோரன்ஸில் மாட்டிய கதை: வெளிநாட்டில் வண்டி ஓட்டப் போகிற நம் மலைக்காரர்களுக்கு

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவுகள். தலைகுந்தா செக்போஸ்டில் டி.என். 43 என்ற நம் நீலகிரிப் பதிவெண் வண்டியை இறங்க விடுவார்கள். வெளியூர் வண்டி ஏறி வரலாம், இறங்கக் கூடாது. "மேப் இதைத்தானே சார் காட்டுது" என்று எத்தனையோ பேர் அங்கே நின்று வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது கல்லாறு செக்போஸ்டில் இ-பாஸ் இல்லாமல் வந்து முழிக்கிறவர்கள், பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு பிடிபட்டு அபராதம் கட்டுகிறவர்கள் வேறு. குன்னூரில் 27 வருஷம் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டியவன் என்பதால் எனக்கு இதெல்லாம் வேடிக்கை. உள்ளூர்ச் சட்டம் தெரியாமல் ஏன் வண்டியை எடுக்கிறார்கள் என்று நினைப்பேன்.

2023 ஜூனில் நானே அந்த வெளியூர்க்காரன் ஆனேன். மகள் ம்யூனிக்கில் நர்ஸ். இரண்டரை மாதம் அவளோடு இருந்துவிட்டு வரப் போனோம். மாப்பிள்ளை வாடகைக் கார் எடுத்து, என்னையும் இரண்டாவது டிரைவராக எழுதிச் சேர்த்தார். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி என்று பாதித் தூரம் நான்தான் ஓட்டினேன். திரும்பி வந்ததிலிருந்து ஸ்டாண்டில் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்களே. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் காகிதம். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இங்கேயே, நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில்தான் வாங்க வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் சாரதி பகுதியில் விண்ணப்பம் போடலாம். கட்டணம் 1000 ரூபாய். லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா நகல், போட்டோ தயாராக இருக்கட்டும். ஒரு வருஷம் செல்லும். அதற்குள் உங்கள் லைசென்ஸ் காலாவதியானால் இதுவும் செத்துவிடும், அதனால் முதலில் லைசென்ஸ் தேதியைப் பாருங்கள். இந்தப் பெர்மிட் நம் லைசென்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரி, தனியாக நீட்டினால் மதிப்பில்லை. ஒரிஜினல் அட்டையும் கூடவே இருக்க வேண்டும். ஆன்லைனில் "உலக லைசென்ஸ்" என்று டாலரில் விற்கிறார்களே, அது வெறும் அச்சடித்த காகிதம். வாங்கி ஏமாறாதீர்கள்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு ஒரு சட்டம், குடியேறினவனுக்கு வேறு சட்டம். ஜெர்மனியில் குடியேறிய இந்தியர் நம் லைசென்ஸை வைத்து ஆறு மாதம்தான் ஓட்டலாம். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டுநர் தேர்வு இரண்டும் பாஸ் செய்து அவர்கள் லைசென்ஸ் வாங்க வேண்டும். மாப்பிள்ளை அப்படித்தான் வாங்கினார், ஆன செலவைச் சொன்னால் இங்கே ஒரு பழைய ஆல்டோ வாங்கிவிடலாம். பிரிட்டனில் 12 மாதம். துபாயில் விசிட் விசாவில் போகிறவர் பெர்மிட்டைக் காட்டி வாடகைக் கார் எடுக்கலாம், ரெசிடென்ஸ் விசா அடித்த மறுநாள் அதே பெர்மிட் உதவாது. பையன் ஓட்டுகிறானே என்று அப்பாவும், அப்பா ஓட்டினாரே என்று பையனும் கணக்குப் போடக் கூடாது.

வாடகைக் கார் ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள். ஓட்டப் போகிற எல்லோர் பெயரும் இருக்கிறதா, எல்லை தாண்ட அனுமதி உண்டா, அபராதம் வந்தால் உங்கள் விவரத்தைப் போலீசுக்குக் கொடுப்பதற்குத் தனியாக எவ்வளவு பிடிப்பார்கள். மூன்றாவதை நாங்கள் படிக்கவில்லை.

சரி, ஸ்டியரிங்குக்கு வருவோம். இடது பக்கம் ஸ்டியரிங், வலது பக்கம் பயணம். இதற்கு ஒரு நாள் போதும். இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டுக்கொண்டு அரை நாள் ஓட்டினேன், மருமகள் முறையில் ஒருத்தி பின்சீட்டில் சிரித்துக்கொண்டே வந்தாள். அது பெரிய விஷயமில்லை. கை கால் பழகிவிடும், இருபது வருஷப் பழக்கம் இருக்கிறதே, அதுதான் கஷ்டம்.

உதாரணத்துக்கு லைட் அடிப்பது. நம் ஊரில் எதிரே வருகிறவன் லைட் அடித்தால் "நான் வருகிறேன், நீ நில்" என்று அர்த்தம். ஜெர்மனியில் தெருவில் ஒருவர் நின்று லைட் அடித்தால் பெரும்பாலும் "நீ போ" என்கிறார். நானும் நிற்க, அவரும் நிற்க, நடுவில் ஒரு கிழவி சைக்கிளில் போய்விட்டாள்.

அடுத்தது சந்துகள். மகள் குடியிருக்கும் பகுதி 30 கிலோமீட்டர் வேக வரம்பு மண்டலம். போர்டு இல்லாத நாற்சந்தியில் வலது பக்கத்திலிருந்து வருகிறவனுக்குத்தான் முதல் வழி. அவன் வருவது முட்டுச்சந்து மாதிரி சின்னத் தெருவாக இருக்கும், நீங்கள் போவது அகலமான தெருவாக இருக்கும். இருந்தாலும் வழி அவனுக்குத்தான். அவன் உங்களைப் பார்க்கக்கூட மாட்டான், சட்டம் தன் பக்கம் என்று வந்துவிடுவான். நம் ஆள் பெரிய ரோட்டில் போகிறவனுக்கு முன்னுரிமை என்ற நினைப்பில் போவான். இடித்தால் தப்பு நம்முடையது.

ஆட்டோபானில், அதாவது ஜெர்மனியின் நெடுஞ்சாலையில், வலது பக்கமாக ஓவர்டேக் கூடாது. வேக வரம்பு இல்லாத பகுதிகள் உண்மையிலேயே இருக்கின்றன, ஆனால் வரம்பு போட்ட இடத்தில் கேமராவும் இருக்கும். நெரிசலில் செய்ய வேண்டியதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். வண்டிகள் ஊர ஆரம்பித்ததும் ஆம்புலன்ஸுக்கு நடுவில் வழி திறக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்த பிறகு அல்ல, நெரிசல் தொடங்கும்போதே. மாப்பிள்ளை வலது கையை விரித்துக் காட்டினார்: "கட்டை விரல்தான் மாமா இடது கடைசி லேன், அது இடது பக்கம் ஒதுங்கணும். மிச்ச நாலு விரலும் வலது பக்கம்." கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தெரிகிற இடைவெளிதான் ஆம்புலன்ஸின் பாதை. செய்யாவிட்டால் 200 யூரோ அபராதம், லைசென்ஸ் கணக்கில் 2 தண்டனைப் புள்ளி, ஒரு மாதம் ஓட்டத் தடை. நம் மேட்டுப்பாளையம்-குன்னூர் ரோட்டில் பர்லியாருக்கு மேலே மண் சரிந்து வண்டிகள் நிற்கும்போது, எதிர் லேனிலும் நாலு பேர் ஏறி வந்து மொத்தமாக அடைத்துக்கொள்வார்களே, அது ஞாபகம் வந்தது. அந்தக் கையை இங்கே ஸ்டாண்டில் எல்லோருக்கும் விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறேன். கேட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

கையைப் பற்றி இன்னொன்று. எவனாவது குறுக்கே விட்டால் நெற்றிப்பொட்டில் விரல் வைத்து "மூளை இருக்கா?" என்று கேட்போமே, அதை ஜெர்மனியில் செய்யாதீர்கள். அங்கே அது அவமதிப்புக் குற்றம், வழக்குப் போகும். அபராதத்தை உங்கள் நாள் வருமானத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். துபாயில் இன்னும் மோசம், கை சைகைக்கு ஜெயில், நாடு கடத்தல் வரை போகலாம். ஃபின்லாந்தில் வேகத்துக்கும் வருமானக் கணக்குதான். 2023-ல் அங்கே ஒரு பணக்காரர் 50 வரம்பில் 82-ல் போனதற்கு 1,21,000 யூரோ கட்டினார்.

செல்போன் கையில் இருந்தால் ஜெர்மனியில் 100 யூரோ, ஒரு புள்ளி. சிக்னலில் நிற்கும்போது எடுத்தாலும், எஞ்சின் ஓடினால் அதுவும் கணக்கு. கேமரா இருக்கும் இடத்தை எச்சரிக்கிற ஆப்பை ஓட்டும்போது பயன்படுத்துவதும் அங்கே தப்பு, சுவிட்சர்லாந்திலும் தப்பு. குடிப்பழக்கம் எனக்கில்லை, அதனால் ஒரே வரி: ஐரோப்பாவில் பல நாடுகளில் வரம்பு நம் நாட்டை விடக் கொஞ்சம் தளர்வு, வளைகுடாவில் வரம்பே பூஜ்யம். நீங்கள் எங்கேயும் பூஜ்யமே வைத்துக்கொள்ளுங்கள்.

சுவிட்சர்லாந்தில் நுழையும்போது நெடுஞ்சாலைக்கான வின்யெட், அதாவது சாலைக் கட்டணம் கட்டியதற்கான வில்லை, வேண்டும். 40 ஃபிராங்க், வருஷ வின்யெட் மட்டும்தான். ஒரு நாள் போனாலும் அதே விலை. கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரும் உண்டு, வண்டி எண்ணோடு சேர்த்து ஆன்லைனில் வாங்குவதும் உண்டு. இல்லாமல் பிடிபட்டால் 200 ஃபிராங்க், அதற்கு மேல் வின்யெட் விலையும். பகலிலும் லைட் எரிய வேண்டும். ஊருக்குள் வரம்பை ஐந்து கிலோமீட்டர் வரை தாண்டினால் 40 ஃபிராங்க், பத்து வரை 120, பதினைந்து வரை 250. "கொஞ்சம்தானே" என்ற பேச்சே இல்லை.

ஆனால் கோட்ஹார்ட் கணவாயில் ஏறியபோது எனக்கு நம் ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. சுரங்கப்பாதையை விட்டு மேல் ரோட்டில் போனோம். நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அது தபால் பஸ் போகும் மலைப்பாதை. வளைவுக்கு அப்பால் மூன்று சுரத்தில் ஒரு ஹாரன் கேட்கும், மஞ்சள் பஸ் வருகிறது என்று அர்த்தம். பஸ் டிரைவர் "பின்னால் போ" என்று கை காட்டினால் போய்த்தான் ஆக வேண்டும், சட்டமே அப்படி. நம் கவர்மென்ட் பஸ் வளைவில் வரும்போது நாமே ஒதுங்கிக்கொள்வோமே, அதைச் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். சரிவில் இரண்டு வண்டி விலக முடியாவிட்டால் இறங்குகிற வண்டி நிற்க வேண்டும், தேவைப்பட்டால் பின்னால் எடுக்க வேண்டும். ஏறுகிறவன் ஒதுங்குமிடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஏறுகிற வண்டிக்கு வழி விடு என்பது நம் சட்டத்திலும் உண்டு, சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் தெரியாது. நான் இரண்டாவது கியரில் இறக்கியதைப் பார்த்து மாப்பிள்ளை, "பிரேக்கே மிதிக்கலையே மாமா" என்றார். அந்த ஒரு நாள் எனக்குப் பெருமை.

பெருமை இரண்டு நாள்தான் நின்றது.

இத்தாலியின் பழைய நகரங்களில், ஃப்ளோரன்ஸ், பீசா, ரோம் எல்லாவற்றிலும், நடு ஊரில் "ஸோனா டிராஃபிக்கோ லிமிடாட்டோ" என்ற பகுதி இருக்கிறது. அனுமதி வாங்கிய வண்டி மட்டும் போகலாம். வாசலில் தடுப்பு இல்லை, செக்போஸ்ட் இல்லை, போலீஸ் இல்லை. சிவப்பு வளையத்துக்குள் வெள்ளை வட்டம் போட்ட ஒரு போர்டு, பக்கத்தில் மின்னும் எழுத்து, மேலே கேமரா, அவ்வளவுதான். மின்னும் எழுத்தில் "வார்கோ அட்டீவோ" என்று இருந்தது. "ஆக்டிவ்னு போட்டிருக்கு, போங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. உண்மையில் "வாசல் செயல்படுகிறது", அதாவது கட்டுப்பாடு இப்போது அமலில் இருக்கிறது என்று அர்த்தம். "நோன் அட்டீவோ" என்று இருந்தால்தான் போகலாம். பார்க்கிங் தேடி ஆற்றங்கரையோரம் சுற்றி வந்து, அதே வாசலில் இரண்டாவது முறையும் நுழைந்தோம்.

ஒவ்வொரு நுழைவுக்கும் தனி அபராதம். அது அன்று தெரியாது. முதலில் வாடகைக் கம்பெனி மாப்பிள்ளையின் கார்டில் இரண்டு முறை ஏதோ கட்டணம் பிடித்தது. நகராட்சிக் கடிதம் நவம்பரில்தான் வந்தது, நான் குன்னூரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். மகள் வீடியோவில் கடிதத்தைக் காட்டினாள்: வண்டி எண், தேதி, நிமிடம், எல்லாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு நோட்டீஸ் அனுப்ப அவர்களுக்கு 360 நாள் அவகாசம் உண்டு. கிடைத்து ஐந்து நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் தள்ளுபடி. மாப்பிள்ளை வேலை மும்முரத்தில் எட்டாம் நாள்தான் கட்டினார். எல்லாம் சேர்த்து 300 யூரோவைத் தொட்டது. பாதியைத் தருகிறேன் என்றேன், "விடுங்க மாமா, நான்தானே போகச் சொன்னேன்" என்றார். அதுவும் உண்மைதான்.

இதற்கு வழி சுலபம். இத்தாலியில் வண்டியை அந்தப் பகுதிக்கு வெளியே நிறுத்திவிட்டு டிராமிலோ நடந்தோ உள்ளே போங்கள். ஹோட்டல் உள்ளே இருந்தால் போகும் முன்பே போன் செய்து வண்டி எண்ணைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், அவர்களால் முடியும். நெடுஞ்சாலையிலும் கேமராவைக் கண்டதும் பிரேக் போடும் வித்தை செல்லாது. இரண்டு இடத்தில் நேரம் குறித்து சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். லண்டனிலும் இதே கதை, நடு ஊருக்குள் போக நெரிசல் கட்டணம் உண்டு, வசூலிக்கப் பூத் கிடையாது. பயணித்த நாளுக்குப் பிறகு மூன்றாம் நாள் நள்ளிரவுக்குள் நீங்களே ஆன்லைனில் கட்ட வேண்டும்.

மற்ற நாடுகளுக்கு நான் ஓட்டிப் போனதில்லை, அங்கே இருக்கிற நம் பிள்ளைகள் சொன்னது: அமெரிக்காவில் மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கை மின்ன விட்டு நின்றால், நடுத்திட்டு இல்லாத ரோட்டில் எதிரே வருகிற நீங்களும் நிற்க வேண்டும். போலீஸ் நிறுத்தினால் இறங்கி ஓடிப்போய்ப் பேசக் கூடாது, ஸ்டியரிங்கில் கை வைத்து உள்ளேயே உட்கார வேண்டும். துபாயில் சிவப்பு சிக்னல் தாண்டினால் 1000 திர்ஹம், 12 கரும்புள்ளி, வண்டி 30 நாள் உள்ளே.

எந்த ஊராக இருந்தாலும் "பார்த்துப் போட்டுக்கங்க சார்" என்ற வார்த்தை வாயில் வரக் கூடாது. அபராதத்தை விடப் பெரிய குற்றம் அது. ஜெர்மனியில் வெளிநாட்டுக்காரரிடம் அந்த இடத்திலேயே பணம் கேட்பார்கள், அது லஞ்சம் அல்ல, பிணைத்தொகை. ரசீது வாங்கிக்கொண்டு கட்டுங்கள். வாடகை ஒப்பந்தம், ரசீதுகளை ஒரு வருஷமாவது பத்திரமாக வையுங்கள். எங்கள் வீட்டில் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

திரும்பி வரும் நாளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானாகச் சொல்கிறேன். கோவை ஏர்போர்ட்டுக்குத் தம்பி என் வண்டியை எடுத்து வந்திருந்தான். "குடுடா, நான் ஓட்டறேன்" என்று சாவியை வாங்கி, இடது கதவைத் திறந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தேடினேன். அவன் ஒன்றும் சொல்லாமல் நின்றான். இறங்கி, சுற்றி வந்து, வலது பக்கம் ஏறினேன். மேட்டுப்பாளையம் வருவதற்குள் நாலு முறை திரும்புவதற்கு வைப்பர் போட்டேன், ஒரு முறை ரவுண்டானாவில் தப்பான பக்கம் பார்த்தேன். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்த கையோடு சாவியை அவனிடமே கொடுத்துவிட்டேன். பர்லியார் வரைக்கும் அவன் காரணம் கேட்கவில்லை.