ஊசிக் கணவாயும் பேய்க் கணவாயும்: இனங்கண்டு சமைக்கும் முறை

மீன் சந்தையில் ‘கணவாய்’ என்று மட்டும் கேட்டால் ஸ்க்விட் எனப்படும் ஊசிக் கணவாயும் கிடைக்கலாம், கட்டில்ஃபிஷ் எனப்படும் ஓட்டுக் கணவாயும் கிடைக்கலாம். ஆக்டோபஸ் எனப்படும் பேய்க் கணவாயையும் அதே பெயரில் சேர்த்தே பேசுவதால், புதிதாக வாங்குவோர் மூன்றையும் ஒரே விதமாகச் சமைத்துவிடுகிறார்கள். ஊசிக் கணவாய்க்கும் பேய்க் கணவாய்க்கும் உடலமைப்பு வேறு. அதனால் அடுப்பில் வைக்கும் நேரமும் வேறு.

முதற்படி: இனங்காணுதல்

ஊசிக் கணவாயின் உடல் நீண்ட கூம்பு போன்றது. வால் பக்கம் இரண்டு துடுப்புகள் இருக்கும். 8 கைகளோடு, இரையைப் பாய்ந்து பிடிக்க உதவும் நீண்ட 2 உணர்கொம்புகளும் உண்டு. பேய்க் கணவாய்க்கு உருண்டையான பை போன்ற உடலும் 8 கைகளும் மட்டுமே. ஊசிக் கணவாய் நீரைப் பீய்ச்சியபடி கூட்டமாக நீந்தித் திரிவது. பேய்க் கணவாயோ கடலடிப் பாறை இடுக்குகளில் தனித்து வாழ்ந்து, கைகளால் ஊர்ந்து, நண்டுகளைப் பிடித்துத் தின்பது. ஓயாமல் உழைக்கும் அந்தக் கைகளில் தசையும் இணைப்புத் திசுவும் இறுகிப் பின்னியிருப்பதே அது எளிதில் வேகாததற்குக் காரணம்.

இரண்டாம் படி: சுத்தம் செய்தல்

ஊசிக் கணவாயின் தலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் குடலும் மைப்பையும் சேர்ந்து வந்துவிடும். பிறகு உடலுக்குள் விரலை விட்டுத் துழாவினால், கண்ணாடித்தாள் போன்ற ஒளி ஊடுருவும் மெல்லிய தண்டு தட்டுப்படும். அதை முழுதாக உருவி எடுக்க வேண்டும். பேய்க் கணவாயில் அத்தகைய தண்டு கிடையாது. அதன் தலைப்பையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிக் குடலை நீக்கிய பின், கல் உப்பிட்டுத் தேய்த்து வழுவழுப்பு போகும்வரை அலச வேண்டும். இரண்டிலும் கைகளின் நடுவே கிளி மூக்கைப் போன்ற கடினமான அலகு இருக்கும். அதைப் பிதுக்கி எடுத்துவிட மறக்கக் கூடாது.

மூன்றாம் படி: சமைத்தல்

ஊசிக் கணவாய் வளையங்களை நன்கு காய்ந்த சட்டியில் 2 நிமிடங்களுக்குள் வதக்கி இறக்குங்கள். அந்த நேரம் தவறினால் ரப்பர் போலாகிவிடும். அப்போது மசாலாவும் நீரும் சேர்த்து 30 நிமிடங்களுக்கு மேல் வேகவிட்டால்தான் மறுபடியும் மென்மையாகும்.

பேய்க் கணவாயில் அவசரம் பலிக்காது. கொதிநீரில் அதன் கைகளை மட்டும் இரண்டு மூன்று முறை முக்கி எடுங்கள். நுனிகள் அழகாகச் சுருண்டுகொள்ளும். பிறகு உப்பிடாமல், சிறு தீயில் 45 முதல் 60 நிமிடங்கள் வேகவையுங்கள். கையின் தடித்த பகுதியில் கத்தி முனை தடையின்றி இறங்கினால் அதுவே பதம். வெந்தபின் வெகுவாகச் சுருங்கிவிடும் என்பதால் சற்றுக் கூடுதலாகவே வாங்குவது நல்லது. வெந்த நீரிலேயே உப்புச் சுவை இருக்கும். அதைக் குழம்பில் சேர்ப்பதாயின், ருசி பார்த்த பிறகே உப்பிடுங்கள்.