ஸ்டாக்கைக் கலைக்காமல் அரேக்கு எடுப்பது எப்படி? (ஜாவா)

மன்னார்குடி பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்துக்குச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை என்று ஒரு கிளாஸ், அதற்குள் ரகமும் எடையும். அடியில் ஏடிடி 45, அதன்மேல் சிஆர் 1009, உச்சியில் பாபட்லா, ஆளுக்கு 40 கிலோ என மூன்று ஆப்ஜெக்டை 'அட்டி' என்ற ஸ்டாக்கில் (கடைசியாக வைத்ததே முதலில் வெளியே வரும் அடுக்கு) புஷ் செய்தாயிற்று, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாயிற்று. இப்போது அட்டி அப்படியே இருக்க வேண்டும், ஆனால் எல்லா மூட்டையும் வரிசையாக ஒரு அரேயில் வேண்டும்.

முதலில், செய்யக் கூடாதது. i என்ற எண்ணிக்கை வேரியபிள் அட்டி.சைஸை (ஸ்டாக்கில் இருக்கும் எண்ணிக்கை) விடக் குறைவாக இருக்கும்வரை ஃபார் லூப் ஓட்டி, உள்ளே பாப் செய்து (உச்சியில் இருப்பதை வெளியே எடுத்து) அரேயில் போடுவார்கள். ஒவ்வொரு பாப்புக்கும் சைஸும் ஒன்று குறைகிறதே! மூன்று மூட்டையில் இரண்டுதான் அரேக்கு வரும், கடைசி இடம் null ஆகவே (காலியாக) கிடக்கும், ஸ்டாக்கும் கலைந்துவிடும்.

சரியான வழி ஒரே வரி: அட்டி.டுஅரே(நியூ மூட்டை[0]), அதாவது toArray. பூஜ்ஜியம் போதும், தேவையான அளவுக்கு அரேயை ஜாவாவே உருவாக்கிக்கொள்ளும். அடைப்புக்குள் எதுவும் தராமல் விட்டால் ஆப்ஜெக்ட் அரேதான் கிடைக்கும். அதை மூட்டை அரேயாக காஸ்ட் செய்தால் (வகை மாற்றினால்) ஓடும்போது கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும்.

அப்புறம் வரிசை. பலரும் தடுமாறுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஜாவாவின் ஸ்டாக் கிளாஸ், போட்ட வரிசையிலேயே வைத்திருக்கும் வெக்டர் என்ற பட்டியல் கிளாஸிலிருந்து வந்தது, அதனால் அரேயின் 0-வது இடத்தில் அடி மூட்டையான ஏடிடி 45 இருக்கும், பாபட்லா கடைசியில். ஆனால் அதே வேலைக்கு அரேடெக் (ArrayDeque) என்ற இன்னொரு ஜாவா கிளாஸை வைத்துப் புஷ் செய்திருந்தால் 0-வது இடத்தில் உச்சி மூட்டை வரும், சி ஷார்ப் மொழியின் ஸ்டாக்கிலும் அப்படித்தான். மனப்பாடம் செய்வதைவிட பிரிண்ட் போட்டுப் பார்ப்பது நல்லது.

கம்ப்யூட்டர் லேபில் டுஅரே பயன்படுத்தக் கூடாது என்றால்? சைஸை முதலிலேயே ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துக்கொண்டு, பாப் செய்வதைக் கடைசி இடத்திலிருந்து 0 வரை பின்னோக்கி நிரப்புங்கள். பிறகு 0-விலிருந்து திரும்பப் புஷ் செய்தால் அட்டி பழையபடி நிற்கும்.

இன்னொன்று, எந்த வழியில் எடுத்தாலும் அரேக்கு வருவது புது மூட்டை இல்லை, அதே ஆப்ஜெக்டைச் சுட்டும் ரெஃபரன்ஸ்தான். அரேயின் முதல் மூட்டையில் எடையை 39 ஆக்கினால் ஸ்டாக்கில் இருப்பதும் 39 என்றே காட்டும். தனித்தனியாக வேண்டுமென்றால் லூப் ஓட்டி, ஒவ்வொரு மூட்டையின் ரகத்தையும் எடையையும் கொடுத்து நியூ போட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும்.