கறுப்புக் கவசக் கோட்: எங்கே கோட்டை விடுகிறோம்

போர்க்கவசம் மாதிரி நான் தைத்த ஒரு கறுப்புக் கோட், முதல் ட்ரையலின்போது தையற்கடைப் பொம்மை மேல் அட்டகாசமாக இருந்தது. நெஞ்சில் தகடு தகடாக அடுக்கிய கறுப்பு கம்பளித் துணி, கூர்மையான தோள், இடுப்பில் இறுகிய மடிப்பு. பழைய கோயில் காவல் சிலைகளைப் பார்த்து வரைந்த உருவம். ஆளுக்குப் போட்டுவிட்டேன். அவர் போனைக் காதில் வைக்கக் கையைத் தூக்கினார். கோட் மொத்தமும் கையோடு சேர்ந்து மேலே ஏறியது. காலர் காது மடலைத் தொட்டது. ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்ட ஆமை மாதிரி நின்றார் மனிதர்.

தப்பு என்னுடையதுதான். கை தாராளமாக அசையட்டும் என்று ஆர்ம்ஹோலை, அதாவது கையை இணைத்துத் தைக்கும் துளையை, கீழே இறக்கி வெட்டியிருந்தேன். இந்த வகைத் தையலில் பலரும் செய்யும் முதல் தவறு இதுவே. ஆர்ம்ஹோல் பெரிதானால் கைக்கு இடம் கிடைக்கும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். அது அக்குளை விட்டு எவ்வளவு கீழே இறங்குகிறதோ, அந்த அளவுக்குக் கையின் அசைவு உடம்புத் துணியையும் இழுத்துக்கொண்டு போகும். மெல்லிய சட்டையில் அது தெரியாது. விறைப்பான கோட்டில் அப்படியே தெரியும். அக்குளுக்கு நெருக்கமாக, சின்னதாக வெட்டிய ஆர்ம்ஹோலும், மேல்கையில் கொஞ்சம் கூடுதல் அகலமும்தான் கையைத் தூக்க விடும்.

கவசம் செய்தவர்களுக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. பிரான்ஸின் லியோன் நகரத் துணி அருங்காட்சியகத்தில், 1364-ல் போரில் இறந்த பிரெஞ்சுப் பிரபு சார்ல்ஸ் த புளுவாவுடையது என்று சொல்லப்படும் பஞ்சு வைத்துத் தைத்த மேலங்கி ஒன்று இருக்கிறது. அதன் கை தோள்பட்டையோடு நிற்பதில்லை. நெஞ்சுக்குள்ளும் முதுகுக்குள்ளும் வட்டமாகப் புகுந்து உட்காருகிறது. உடம்பு இறுக்கமாக இருந்தாலும் கை சுழலும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1327-ல் அரச சாசனம் பெற்ற லண்டன் தையற்காரர் சங்கம், தையற்காரர்களும் துணிக்கவசக்காரர்களும் சேர்ந்த சங்கம். இரும்புக்கு உள்ளே போடும் மெத்தையங்கியைத் தைத்தவர்களும் கோட் தைத்தவர்களும் ஒரே கூட்டம். கோட்டுக்கும் கவசத்துக்கும் உறவு நேற்று ஏதோ ஃபேஷன் மேடையில் பிறந்தது அல்ல.

அதனால்தான் "கவசம் போல" என்றதும் எல்லாவற்றையும் விறைப்பாக்குகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. ஐரோப்பிய முழுத்தகடு போர்க்கவசம் சுமார் 20 முதல் 25 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு குதிரை ஏறியிருக்கிறார்கள், விழுந்தால் எழுந்திருக்கிறார்கள். எடை உடம்பு முழுக்கப் பரவியிருந்தது, முழங்கை, முழங்கால், இடுப்பு ஆகிய ஒவ்வொரு மூட்டிலும் தகடு பிரிந்து நகர்ந்தது. ஜப்பானியக் கவசத்தில் சின்னச் சின்னச் சில்லுகளைக் கயிற்றால் கோத்திருப்பார்கள். கவசம் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குத் தகடுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதைச் செய்தவன் முதலில் யோசித்தது தகடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியைத்தான்.

ஜப்பானின் நாரா நகரில் தோடாய்ஜி கோயிலில், கைதான்-இன் மண்டபத்துக்குரிய நான்கு திசைக்காவலர் சிலைகளைப் பாருங்கள். 8-ஆம் நூற்றாண்டு, களிமண்ணில் செய்தவை. உடம்பின் நடுப்பகுதியை மட்டும் கவசம் கவ்விப் பிடித்திருக்கிறது, இடுப்பு கட்டப்பட்டிருக்கிறது, அதற்குக் கீழே துணி துணியாகவே தொங்குகிறது. இறுக்கமும் தொய்வும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் கவசம் கவசமாகத் தெரிகிறது. கழுத்திலிருந்து முட்டி வரை ஒரே விறைப்பில் தைத்தால் அது கவசம் அல்ல, அட்டைப்பெட்டி.

விறைப்பு எதிலிருந்து வருகிறது என்பதில் அடுத்த தவறு. தடிமனான பக்ரத்தை, அதாவது விறைப்புக்காக உள்ளே வைக்கும் துணியை, முன்பக்கம் முழுக்க வைத்து இஸ்திரியால் ஒட்டிவிடுகிறோம். பொம்மை மேல் நன்றாகத்தான் நிற்கும். இரண்டு முறை உட்கார்ந்து எழுந்ததும் மடிந்த இடத்தில் வரி விழும், சில நாளில் பசை விட்டுக் கொப்புளம் கிளம்பும். கறுப்பில் கொப்புளம் தனியாகத் தெரியும், ஏனென்றால் அங்கே வெளிச்சம் வேறு மாதிரி விழும். மயிர் கலந்த கேன்வாஸை உள்ளே வைத்து, துணியைக் கையில் வளைத்துப் பிடித்தபடி சின்னச் சின்னச் சாய்வுத் தையலாகப் போட்டுப் பாருங்கள். அந்த வளைவு துணிக்குள் தங்கிவிடும். நேரம் ஆகும், விரல் வலிக்கும், ஒப்புக்கொள்கிறேன். எல்லா இடத்திலும் வேண்டாம், நெஞ்சிலும் காலரிலும் போதும். இடுப்புக்கும் முதுகின் நடுவுக்கும் மெல்லிய ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் உள்துணி), அதுவும் கறுப்பு நிறத்தில். வெள்ளை ஃபியூசிங்கின் புள்ளிகள் தளர்ந்த நெசவு வழியாக எட்டிப் பார்க்கும்.

உருவம் நிற்க உள்ளே ஸ்டீல் எலும்பு, அதாவது மெல்லிய கம்பி, வைப்பதாக இருந்தால், நேரான தையலுக்குத் தட்டைக் கம்பி, வளைந்த தையலுக்குச் சுருள் கம்பி. தட்டைக் கம்பி பக்கவாட்டில் வளையாது. மாற்றி வைத்தால் கம்பி துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து உங்களை விசாரிக்கும்.

இனி கறுப்பு. இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். காகிதத்தில் பென்சிலால் வரைந்த தகடுகள், மடிப்புகள், விலா எலும்பு மாதிரியான கோடுகள் எல்லாம் கறுப்புத் துணிக்கு வந்ததும் காணாமல் போய்விடும். பத்தடி தள்ளி நின்றால் ஒரு கரிய திட்டு மட்டும். கறுப்பு வெளிச்சத்தை விழுங்குகிறது. உருவத்தைக் காட்டுவது மிச்சம் இருக்கும் கொஞ்ச வெளிச்சமும் விளிம்பில் விழும் நிழலும்தான்.

பழைய எகிப்தியர் இதைக் கல்லில் தீர்த்திருக்கிறார்கள். கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் அரசர் மூன்றாம் அமென்ஹோடெப் காலத்தில் செதுக்கிய சிங்கமுகத் தேவி செக்மெட் சிலைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன, இன்று பல அருங்காட்சியகங்களில் பரவிக் கிடக்கின்றன. கருமையான கல். ஆடை உடம்போடு ஒட்டிய வழவழப்பான பரப்பு, அது ஆடை என்று விளிம்புக் கோடுதான் சொல்கிறது. வெயில் படும் வெளிச்சுவர்களிலோ உருவத்தைப் புடைப்பாகச் செதுக்காமல் பெரும்பாலும் குழித்துச் செதுக்கினார்கள். குழியின் ஓரத்தில் விழும் நிழலே கோடு வரைந்துவிடும். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். தகட்டின் மேல் தகடு ஒட்டுவதற்குப் பதில், தையலின் ஓரத்தில் மெல்லிய பைப்பிங் (விளிம்பில் புடைத்து நிற்கும் மெல்லிய துணிக்குழல்), அல்லது இரண்டு துண்டுகளுக்கு நடுவே உள்வாங்கிய ஒரு பள்ளம். பத்து அலங்காரம் செய்யாததை அந்த ஒரு பள்ளம் செய்யும்.

துணியின் மினுமினுப்பையும் இதற்குப் பயன்படுத்தலாம், ஆனால் அளவோடு. மங்கலான கம்பளி, கொஞ்சம் சாட்டின், கொஞ்சம் தோல். மூன்றைத் தாண்டினால் துணிக்கடை சாம்பிள் புத்தகம் ஆகிவிடும். வெல்வெட் வைத்தால் எல்லாத் துண்டிலும் மயிர் ஒரே திசையில் ஓடட்டும். திசை மாறிய ஒரு துண்டு வேறு கறுப்பாகத் தெரியும். கறுப்பில் வேறு கறுப்பா என்று கேட்காதீர்கள். ஒன்று நீலம் ஓடும், ஒன்று பழுப்பு, ஒன்று பச்சை. டியூப்லைட்டில் ஒன்றாக இருந்தவை வெயிலில் பிரிந்து நிற்கும். துணி, நூல், ஜிப்பின் பட்டை மூன்றையும் ஜன்னலோரம் கொண்டுபோய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிப்பட்ட கோயில் சிலைகளிலிருந்து, புனிதக் கலையிலிருந்து எதை எடுப்பது என்ற கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: உருவத்தை விட்டுவிடுங்கள், நிலையை எடுங்கள். நேராக நம்மைப் பார்த்து நிற்பது, இரு பக்கமும் சமமாக இருப்பது, அசையாத தோள், தரையில் ஊன்றிய அடி. கறுப்புக் கோட்டுக்கு வேண்டியவை இவைதான். தெய்வ முகத்தையோ, புரியாத எழுத்தையோ தூக்கி ஒட்டுவது சோம்பேறித்தனம், சில சமயம் பெரும் தவறும்கூட. 1994-ல் பாரிஸ் ஃபேஷன் நிறுவனம் ஷனேலின் மேடையில் வந்த சில ஆடைகளில் பின்னியிருந்த அரபு எழுத்துகள் குர்ஆன் வசனங்கள் என்று தெரியவந்தது. காதல் கவிதை என்று நினைத்தேன் என்றார் வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட். மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. படிக்கத் தெரியாத எழுத்தை உடம்பில் தைக்காதீர்கள், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்தில் ஸ்பானிய ஆடை வடிவமைப்பாளர் பலென்சியாகா. அவர் 1967-ல் செய்த திருமண ஆடையில் சின்னம் எதுவும் கிடையாது. கஸார் என்ற விறைப்பான பட்டு, மிகச் சில தையல்கள், தலையை மூடும் ஒரு முக்காடு. நிறம் வெள்ளைதான், ஆனாலும் பார்த்தால் துறவிமடம் ஞாபகத்துக்கு வருகிறது. தேவாலயத்தை வெட்டிலேயே வைத்துவிட்டார் மனிதர்.

பழங்காலம் என்றால் கறுப்பும் வெறும் கல்லும்தான் என்று நினைப்பதும் தவறு. கிரேக்கச் சலவைக்கல் சிலைகளுக்கு வண்ணம் பூசியிருந்தார்கள். வெறுங்கல்லாகப் பார்ப்பது நாம்தான். கறுப்பு உங்களுடைய முடிவு, அதற்கு வரலாற்றைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

இஸ்திரி: கறுப்புக் கம்பளி மேல் சூட்டுப்பெட்டியை நேரடியாக வைக்கவே வைக்காதீர்கள். தையலின் மேடு பளபளவென்று மின்னும், அந்த மினுக்கம் லேசில் போகாது. நடுவில் ஒரு துணி, கொஞ்சம் ஆவி, அழுத்தாமல் தூக்கித் தூக்கி வையுங்கள். சாக்கால் கோடு போடுவதையும் குறைத்துக்கொண்டு, நூலால் அடையாளம் வையுங்கள்.

ட்ரையலில் ஆளை நிற்க வைத்து மட்டும் பார்க்காதீர்கள். நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள். முன்பக்கத் தகடு இடுப்பு மடியும் இடத்தைத் தாண்டி நீண்டிருந்தால், உட்கார்ந்ததும் தொடை அதை மேலே தள்ளும், மேல் விளிம்பு தொண்டையில் குத்தும். அந்த இடத்தில் தகட்டை முடித்து, கீழே தனித் துண்டாகத் தொங்க விடுங்கள். முதலில் காடாத்துணியில் தைத்துப் பார்க்கும்போதே, தகடு வரும் இடங்களில் தடிமனான ஃபெல்ட்டை வைத்துவிட்டால் இது அங்கேயே தெரிந்துவிடும். வெறும் காடாத்துணி எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுத்து நம்மை ஏமாற்றும்.

என் ஆமைக் கோட்டுக்கு என்ன ஆயிற்று என்றால், பெரிதாக வெட்டிய ஆர்ம்ஹோலைச் சின்னதாக்க வழி கிடையாது. உடம்புத் துண்டுகளைப் புதுத் துணியில் மறுபடி வெட்டினேன். அக்குளை ஒட்டி ஆர்ம்ஹோலை ஏற்றி, கைக்கு அடியில் கஸெட் என்னும் சின்ன இணைப்புத் துண்டு ஒன்று வைத்தேன். இரண்டாவது ட்ரையலில் அவர் அதே போனை எடுத்தார், கையைத் தூக்கினார். காலர் அசையவில்லை. முதுகு முழுக்க மட்டும் என் மேஜையில் கிடந்த காடாத்துணியின் வெள்ளைப் பஞ்சு.