உள்ளரங்க வாட்டர் பார்க் விடுதியில் ஓரிரவு: முதன்முறை போகிறவர்களுக்கு

வெளியே பனி கொட்டும் பிப்ரவரி மாதத்தில், 84 டிகிரி ஃபாரன்ஹீட் வெதுவெதுப்பில், அதாவது சுமார் 29 டிகிரி செல்சியஸில், பிள்ளைகள் நீச்சலுடையோடு ஓடியாட ஓர் இடம் வேண்டும் என்ற தேவையில் பிறந்தவை அமெரிக்காவின் உள்ளரங்க வாட்டர் பார்க் விடுதிகள். இவற்றின் தாய்வீடு விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள விஸ்கான்சின் டெல்ஸ் என்னும் சிற்றூர். கோடையில் நிரம்பி வழிந்த அந்த ஊரின் விடுதிகள் குளிர்காலத்தில் காற்றாடிக் கிடந்தன. அறைகளை நிரப்புவதற்காக நீர் விளையாட்டுகளுக்குக் கூரை போட்டார்கள். 1997இல் பிளாக் உல்ஃப் லாட்ஜ் என்ற பெயரில் அங்கே தொடங்கியதுதான் இன்றைய கிரேட் உல்ஃப் லாட்ஜ். கலஹாரி என்ற மற்றொரு விடுதி 2000இல் அதே ஊரில் வந்தது.

நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் இருப்பவர்களுக்குப் பென்சில்வேனியாவின் போகோனோ மலைப்பகுதி கைக்கெட்டும் தூரம். ஸ்காட்ரனில் கிரேட் உல்ஃப் லாட்ஜ் 2005இல் திறந்தது. கலஹாரியும், கேமல்பேக் விடுதியின் அக்வடோபியா வாட்டர் பார்க்கும் 2015இல் வந்தன. மூன்றுமே 80ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியவை. இந்த விளக்கத்தை அவற்றை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மற்ற ஊர்களில் உள்ள விடுதிகளிலும் நடைமுறை ஏறக்குறைய இதுதான்.

எல்லாப் படிகளுக்கும் அடிப்படையான கணக்கு ஒன்று இருக்கிறது. ஓரிரவுக்குப் பணம் கட்டினால் இரண்டு நாள் தண்ணீர் கிடைக்கும். வந்து சேரும் நாளில் அறை மாலை 4 மணிக்குத்தான் கிடைக்கும். ஆனால் வாட்டர் பார்க்குக்குள் பெரும்பாலும் மதியம் 1 மணியிலிருந்தே விட்டுவிடுவார்கள். மறுநாள் காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்த பிறகும், பூங்கா மூடும்வரை உள்ளே இருக்கலாம். இது தெரியாமல் மாலை ஆறு மணிக்கு வந்து, மறுநாள் பத்தரைக்குப் பெட்டியோடு கிளம்பிவிடும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனம் கேட்பதில்லை. அவர்களும் அதே பணத்தைத்தான் கட்டியிருப்பார்கள்.

முதல் படி: நாளைத் தேர்ந்தெடுங்கள், பிறகு இடத்தை

விமான டிக்கெட்டைப் போலவே இங்கும் விலை நாளுக்கு நாள் மாறும். வெள்ளி, சனி இரவுகள் விலை கூடியவை. ஞாயிறு முதல் வியாழன் வரை குறைவு. பள்ளிக்கு இன்னும் போகாத குழந்தை மட்டும் இருக்கிறது என்றால் செவ்வாய், புதன் தவிர வேறு நாளை நினைத்தே பார்க்காதீர்கள். விலை ஒரு காரணம். ஸ்லைடுகளில் வரிசையே இருக்காது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

தவிர்க்க வேண்டிய நாள்களும் உண்டு. நவம்பர் தொடக்கத்தில் நியூ ஜெர்சி ஆசிரியர் மாநாட்டுக்காக வியாழனும் வெள்ளியும் அம்மாநிலப் பள்ளிகளுக்கு விடுமுறை. அந்த வாரம் நியூ ஜெர்சியே போகோனோவுக்கு வந்து நிற்கும். பிப்ரவரியில் குடியரசுத் தலைவர்கள் தினத்தை ஒட்டிய வார இறுதியும், கிறிஸ்துமஸ் விடுமுறையும் அப்படித்தான்.

இடத்தைப் பொறுத்தவரை, எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கிரேட் உல்ஃப் லாட்ஜையே சொல்வேன். அங்கே எல்லாம் சிறுவர்களின் உயரத்துக்கும் வேகத்துக்கும் ஏற்றபடி அமைந்திருக்கும். வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெரிய கூட்டமாகச் செல்பவர்களுக்கும் கலஹாரி. அதன் பரப்பு மிகப் பெரிது. சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே நடப்பது சிரமம். பனிச்சறுக்கும் வேண்டும் என்பவர்களுக்குக் கேமல்பேக். நியூ ஜெர்சியின் அமெரிக்கன் ட்ரீம் வணிக வளாகத்தில் இருப்பதும் பெரிய உள்ளரங்க வாட்டர் பார்க்தான், ஆனால் அது விடுதியோடு சேர்ந்ததல்ல. பகலில் போய்விட்டுத் திரும்பலாம்.

இரண்டாம் படி: விலையை முழுமையாகப் படியுங்கள்

அறை வாடகையோடு, விடுதியின் வசதிகளுக்கென்று கட்டாயமாக வாங்கும் ரிசார்ட் கட்டணமும் சேரும். சில இடங்களில் கார் நிறுத்தவும் தனிக் கட்டணம். முன்பெல்லாம் கடைசிப் பக்கத்தில்தான் இந்தத் தொகை எட்டிப் பார்க்கும். 2025 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதிப்படி, கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையை விடுதிகள் முதலிலேயே காட்ட வேண்டும். வரி மட்டும் பிறகு சேரும்.

வாட்டர் பார்க் அனுமதி அறை வாடகையிலேயே அடங்கும். அறைக்குப் பதிவு செய்த ஆள்களுக்கு மட்டுமே அது கிடைக்கும் என்பதால் தாத்தா பாட்டி, கைக்குழந்தை உட்பட எல்லாரையும் முன்பதிவிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

மந்திரக்கோல் விளையாட்டு, பந்தை உருட்டி ஆடும் பௌலிங், வீடியோ விளையாட்டுக்கூடம் எல்லாம் தனிச் செலவு. கிரேட் உல்ஃப் லாட்ஜில் மாஜிக்குவெஸ்ட் விளையாட்டுக்கான கோலை ஒருமுறை வாங்கினால் அடுத்த முறையும் பயன்படுத்தலாம். விளையாட்டுக்கான கட்டணத்தை மட்டும் கட்டினால் போதும். ஓரிரவுப் பயணத்துக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து. நடைபாதை நடைபாதையாகப் பிள்ளைகள் அதன் பின்னால் ஓடும் இரண்டு மணி நேரம் தண்ணீரிலிருந்து திருடிய நேரம்.

மூன்றாம் படி: வீட்டிலேயே உயரத்தை அளந்துவிடுங்கள்

பெரிய ஸ்லைடுகளுக்குப் பொதுவாக 48 அங்குலம், அதாவது 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நடுத்தரமானவற்றுக்கு 42 அங்குலம், 107 சென்டிமீட்டர். செருப்பில்லாமல், குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து அளந்துகொள்ளுங்கள். அந்த விடுதியின் இணையதளத்தில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் உள்ள விதியைப் படித்து, எதில் ஏறலாம், எதில் முடியாது என்று பிள்ளையிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ஆறு வயதுப் பையன் ஒருவன் ஈரப் படிக்கட்டில் மூன்று நான்கு மாடி ஏறி, நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்று, கடைசியில் அளவுகோலின் கீழ் போய் நிற்பான். உச்சந்தலைக்கும் குறுக்குக் கட்டைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருக்கும். நுனிக்காலில் எக்குவான். பணியில் இருக்கும் பெண் குனிந்து அவன் குதிகாலைப் பார்த்துவிட்டுத் தலையசைப்பாள். அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு அழுதபடியே படி இறங்க வேண்டும். அவள் செய்தது முற்றிலும் சரி. உயர விதியில் சலுகை கேட்டு அவளிடம் வாதாடாதீர்கள். சில இடங்களில் நுழைவாயிலிலேயே அளந்து, உயரத்துக்கேற்ற நிறத்தில் பட்டை கட்டிவிடுவார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: இரண்டு பைகள், சரியான துணிகள்

நீச்சல் பை ஒன்று, அறைப் பை ஒன்று. அறை கிடைப்பதற்கு முன்பே தண்ணீரில் இறங்கப்போவதால் நீச்சல் பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கலாம்; பெட்டிகள் காரிலேயே இருக்கட்டும். துண்டும் லைஃப் ஜாக்கெட்டும் பூங்காவிலேயே கொடுப்பார்கள், சுமக்க வேண்டாம்.

பருத்தித் துணி வேண்டாம். நனைந்தால் கனக்கும், உடம்பில் ஒட்டும், பல ஸ்லைடுகளில் அனுமதியும் இல்லை. உலோக ஜிப், பொத்தான் உள்ள ஆடைகளுக்கும் தடை உண்டு. உடம்பை மூடிய உடைதான் வசதி என்பவர்கள், நைலானில் முழுக்கை மேற்சட்டையும் கணுக்கால்வரை நீளும் கால்சட்டையும் நீச்சலுக்கென்றே விற்பதை வாங்கலாம். அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்களுக்கும் ஒன்று வாங்கிவிடுங்கள். புடவையோடு கரையில் உட்காரவைத்துப் பையைக் காக்கச் சொல்வது அநியாயம். மிதவையில் சாய்ந்தபடி மெதுவாகச் சுற்றிவரும் லேசி ரிவர் அவர்களுக்கும் பிடிக்கும்.

தாலிச் சங்கிலி, நீண்ட சங்கிலி, தொங்கட்டான் எதுவும் ஸ்லைடில் வேண்டாம். மிதவையின் கைப்பிடியில் மாட்டினால் கழுத்தை அறுத்துவிடும். கழற்றுவதில் தயக்கம் உள்ளவர்கள் லேசி ரிவரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக்கு, பெரும்பாலான அறைகளில் சின்ன ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும் இருக்கும். எலுமிச்சைச் சாதம், தயிர் சாதம், சப்பாத்தி கொண்டுபோனால் ஒரு வேளைச் செலவு மிச்சம். தண்ணீரில் ஆடிய பசிக்கு அது தேவாமிர்தம். சமைக்கும் கருவிகளை அறையில் பயன்படுத்தப் பல விடுதிகள் அனுமதிப்பதில்லை, ரைஸ் குக்கரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பூங்காவுக்குள் வெளி உணவுக்கு அனுமதி இல்லை.

ஐந்தாம் படி: முதல் நாள் மதியம்

பன்னிரண்டரைக்கு வந்து சேருமாறு கிளம்புங்கள். முன்மேசையில் எல்லாருக்கும் கைப்பட்டை கட்டுவார்கள். அதுதான் நுழைவுச் சீட்டு. பல இடங்களில் அறைச் சாவியும் அதுவே. கடைகளில் அதைக் காட்டியே செலவை அறைக் கணக்கில் எழுதலாம். சிறுவர்களின் பட்டையில் அந்த வசதி வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

தண்ணீரில் இறங்குமுன் ஒரு நிமிடமாவது ஷவரில் நில்லுங்கள். உள்ளரங்கத்தில் மூக்கைத் துளைக்கும் அந்த வாடை குளோரினால் மட்டும் வருவதல்ல. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து குளோரமின் என்ற வாயுவாகின்றன. கண் எரிச்சலுக்கும் இருமலுக்கும் காரணம் அதுதான். காற்றைவிடக் கனமானதால் நீர்ப்பரப்பை ஒட்டியே அது தங்கும். பிள்ளைகளின் மூக்கு இருப்பதும் அங்கேதான். ஆகவே மணிக்கொரு முறை கழிப்பறைக்கு அழைத்துப் போவதை விதியாக வையுங்கள். யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, முறையாகக் குளோரின் கலந்த தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். நீச்சல் டயப்பரால் அதைத் தடுக்க முடியாது.

ஆறாம் படி: தண்ணீரில் காவல்

இந்தப் படியை இரண்டு முறை படியுங்கள். அமெரிக்காவில் ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளின் இறப்புக் காரணங்களில் முதலிடம் நீரில் மூழ்குவதற்குத்தான். மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கையை ஆட்டுவதில்லை. சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். உள்ளரங்கத்தின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது.

லைஃப்கார்டுகள் தலையை மேலும் கீழும் அசைத்தபடி நீரின் அடிமட்டம்வரை துழாவிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பத்து நொடிக்குள் ஆபத்தைக் காண வேண்டும், அடுத்த இருபது நொடிக்குள் ஆளை அடைய வேண்டும் என்பது அவர்களில் பலரும் பெறும் பயிற்சி. அவர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக நாம் போனை எடுக்கலாகாது. பெரியவர்கள் நான்கு பேர் கரையில் இருந்தும் குழந்தையை ஒருவரும் பார்க்காமல் இருப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். முறை வைத்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரம் ஒருவர். “இனி நான் பார்க்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லி முறை மாற வேண்டும். நீந்தத் தெரியாத குழந்தைக்குக் கை எட்டும் தூரத்தில் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் அளவு பெரிது, மாற்றுங்கள். புயத்தில் மாட்டும், காற்றடைத்த நீச்சல் பட்டைகளை நம்பவே நம்பாதீர்கள். அலைக்குளத்தில் ஆழமான பக்கம் நீங்களும் கரைப் பக்கம் குழந்தையும் நில்லுங்கள். அலை இழுத்தாலும் உங்கள் மேல்தான் வந்து மோதும்.

சின்னவர்களுக்குப் பல கிரேட் உல்ஃப் லாட்ஜ்களில் ஃபோர்ட் மெக்கென்சி என்ற மரவீட்டுக் கோட்டை உண்டு. உச்சியில் ஆயிரம் கேலன், ஏறக்குறைய 3,800 லிட்டர் பிடிக்கும் வாளி. நிரம்பும் நேரத்தில் மணி அடிக்கும். பழகிய பிள்ளைகள் எங்கிருந்தாலும் ஓடிவந்து அதன் கீழே அண்ணாந்து நிற்பார்கள். முதன்முறை போகும் மூன்று வயதுக் குழந்தையை அப்போது தூக்கிக்கொண்டு ஓரமாக நின்று, முதலில் வேடிக்கை பார்க்கவிடுங்கள். அடுத்த முறை மணி அடிக்கும்போது குழந்தையே உங்கள் கையை இழுக்கும்.

ஏழாம் படி: இரவு

ஐந்து மணிக்கு வெளியே வந்துவிடுங்கள். இன்னும் கொஞ்ச நேரம் என்று பிள்ளைகள் கெஞ்சினாலும் நாளைக்கும் தண்ணீர் இருக்கிறது. பகல் கூட்டத்தின் களைப்போடு ஏழு மணிவரை இழுத்தால் சாப்பிடாமலே தூங்கிவிடுவார்கள். குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, சாப்பிட வைத்த பிறகு, கிரேட் உல்ஃப் லாட்ஜில் இரவு முன்கூடத்தில் நடக்கும் கதைநேரத்துக்கு இரவு உடையிலேயே அழைத்துப் போங்கள். அது இலவசம்.

எட்டாம் படி: இரண்டாம் நாள்

காலை உணவுக்கு முன்பே பெட்டிகளைக் காரில் ஏற்றிவிடுங்கள். நீச்சல் பையும் ஆளுக்கொரு மாற்றுடையும் மட்டும் கையில் இருக்கட்டும். பூங்கா திறக்கும்போதே உள்ளே போங்கள். பெரிய ஸ்லைடுகளுக்கு இதுதான் பொன்னான நேரம். முந்தைய நாள் நாற்பது நிமிடம் நின்றதில் இப்போது அடுத்தடுத்து ஏறலாம். மதிய உணவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் லேசி ரிவர், பிறகு உடைமாற்றும் அறை.

தலையை நல்ல தண்ணீரில் அலசி, முழுமையாக உலர்த்திய பிறகே வெளியே வாருங்கள். போகோனோவின் ஜனவரிக் காற்று ஈரத்தலைக்கு ஆகாது. குளிர்ச்சட்டைகளைப் பெட்டியின் அடியில் வைக்காமல் காரின் பின்னிருக்கையில் வையுங்கள். கிளம்புமுன் அறைக் கணக்கை முன்மேசையில் ஒருமுறை வரிவரியாகப் பார்த்து, தெரியாத செலவு இருந்தால் அங்கேயே கேட்டுத் தீர்த்துவிடுங்கள்.