கன்று வாங்க முன் அதன் ஊரைப் பாருங்கள்

கொழும்பில் பூங்கன்றுக்குக் காசு கொடுக்க முன், அதன் பூர்வீகம் எது என்று போனில் தேடிப் பாருங்கள். மழைக்காட்டுக் கன்று என்றால் வாங்கலாம். மத்தியதரைக்கடல் பக்கத்தது என்றால், எவ்வளவு வாசமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நமக்கு வருடம் முழுக்க 27 பாகையை ஒட்டிய வெப்பம், 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை, போதாக்குறைக்குப் புழுக்கம். அந்தூரியம், மொன்ஸ்டெரா எல்லாம் மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளர்ந்தவை. அதனால் பல்கனி மூலையிலும் தழைக்கும். மத்தியதரைக்கடல் பக்கத்து லாவெண்டர் பழகியதோ வறண்ட கோடைக்கும் குளிரான மாரிக்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் அடியிலை கறுத்து, வேர் அழுகிவிடும். டியூலிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், குளிர்காலம் இல்லாமல் அது ஒழுங்காகப் பூக்காது.

பாலைநிலக் கன்றுகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆப்பிரிக்க, அரேபிய வறண்ட நிலத்து அடினியம் நம் வெப்பத்தை விரும்பும், தேங்கும் தண்ணீரைத்தான் தாங்காது. மணல் கலந்த மண்ணில், வெயில் படுகிற, ஆனால் மழை நேரே விழாத இடத்தில் வையுங்கள். நுவரெலியா வீட்டுக்கு வாங்குகிறீர்கள் என்றால் கதையே வேறு. 1,800 மீற்றருக்கு மேலே குளிர்நாட்டுப் பூக்கள் பலவும் சரிவரும்.